கனடா போக இரண்டு கையெழுத்து!
மாகாணம் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது

"அண்ணே, இங்கிலீஷில் ஒரு ராஜினாமா கடிதம் எழுதித் தரணும்."

தாராவியில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் இப்படிக் கேட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். கையில் இனிப்புப் பெட்டி.

அவர் வெல்டர். ஐ.டி.ஐ. படித்தவர். ஒரு தொழிற்சாலையில் 10 வருடமாக நிரந்தர வேலை. அவருடைய சித்தப்பா மகன் கனடாவில், மனிடோபா மாகாணத்தின் தலைநகரான வின்னிபெக்கில் இருக்கிறார்.

"மனிடோபா என்னைத் தேர்ந்தெடுத்து விட்டது அண்ணே. இனி விசா வெறும் சடங்குதான், வேலையை விட்டுவிடு என்கிறார் ஏஜெண்டு" என்றார்.

காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். ரெயில்வே குமாஸ்தாவுக்குக் காகிதம் படிப்பதுதானே பிழைப்பு! அது மாகாண அரசின் பரிந்துரைக் கடிதம். விசா அல்ல.

"ராஜினாமா கடிதம் இப்போது வேண்டாம், தம்பி" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. ஏஜெண்டுக்குப் பணம் கட்ட மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போயிருந்தது.

இவரைப் போல் கனடா கனவோடு இருப்பவர்கள் நம்மில் பலர். அவர்களுக்காகவே இந்த விவரங்கள்.

யாருக்கு என்ன அதிகாரம்?

கனடாவில் 10 மாகாணங்களும் 3 ஆட்சிப் பகுதிகளும் உள்ளன. 1867-ம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 95-வது பிரிவு, குடியேற்றத்தை மத்திய அரசுக்கும் மாகாணங்களுக்கும் பொதுவான அதிகாரமாக வைத்திருக்கிறது. நம் நாட்டுப் பொதுப்பட்டியலைப் போன்றது இது. இரண்டு சட்டங்களும் மோதினால் மத்திய சட்டமே நிற்கும்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் டொரண்டோ, மான்ட்ரீல், வான்கூவர் ஆகிய பெருநகரங்களிலேயே தங்கினார்கள். மற்ற மாகாணங்களில் வேலை இருந்தது, ஆள் இல்லை. "எங்களுக்கு யார் தேவை என்பது எங்களுக்குத்தான் தெரியும்" என்று அவை கேட்டன. அப்படிப் பிறந்ததுதான் மாகாணப் பரிந்துரைத் திட்டம். 1998-ல் மனிடோபா தொடங்கி வைத்தது. இன்று கியூபெக், நுனாவுட் தவிர எல்லா இடங்களிலும் இது இருக்கிறது.

கியூபெக் கதை தனி. 1991-ம் ஆண்டு ஒப்பந்தப்படி, தொழில் திறமையின் பேரில் வருகிறவர்களை அந்த மாகாணமே தேர்ந்தெடுத்துச் சான்றிதழ் தருகிறது.

முதல் கையெழுத்து

தொழில், படிப்பு, அனுபவம், வயது, மொழித் தேர்வு, அங்கே உறவினரோ வேலையோ உண்டா என்பவற்றை மாகாணம் பார்க்கிறது. இவர் நமக்குப் பயன்படுவார், இங்கேயே தங்குவார் என்று தோன்றினால் பரிந்துரை செய்கிறது.

இதன் மதிப்பு சாதாரணமல்ல. 2015-ல் வந்த 'எக்ஸ்பிரஸ் என்ட்ரி' முறையில் மொத்தம் 1,200 மதிப்பெண். அந்த முறையோடு இணைந்த பரிந்துரை கிடைத்தால், அதற்கு மட்டும் 600 மதிப்பெண்! ஆனால் அதனால் வரும் அழைப்பும் விண்ணப்பம் போடுவதற்கான அழைப்புதான். விமானம் ஏறுவதற்கான அழைப்பு அல்ல.

இரண்டாவது கையெழுத்து

இது மத்திய அரசுடையது. அங்கீகரிக்கப்பட்ட டாக்டரிடம் மருத்துவப் பரிசோதனை, போலீஸ் சான்றிதழ், பாதுகாப்பு விசாரணை எல்லாம் இங்கேதான். குடும்பத்தாருக்கும் பரிசோதனை உண்டு. கொடுத்த காகிதங்கள் உண்மையா என்றும் பார்ப்பார்கள்.

இவர் அங்கே பிழைத்துக்கொள்வார் என்று மத்திய அதிகாரிக்குத் திருப்தி ஏற்படாவிட்டால், பரிந்துரை இருந்தும் மறுக்கலாம். ஆனால் தன் இஷ்டத்துக்கு மறுக்க முடியாது. மாகாணத்தைக் கலந்து பேச வேண்டும். இன்னொரு அதிகாரியும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எத்தனை பேர் என்பதையும் மத்திய அரசே தீர்மானிக்கிறது. பரிந்துரை வழியாக வருவோருக்கு 2024-ல் வைத்த இலக்கு 1,10,000 பேர். 2025-க்கு அதையே 55,000 ஆகக் குறைத்தார்கள். சரி பாதி! வரிசையில் நின்றவர்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை.

ஏமாறாதீர்கள்!

"எந்த மாகாணமாவது கிடைக்கட்டும், இறங்கியதும் டொரண்டோவுக்குப் போய்விடலாம்" என்று சொல்பவர்கள் உண்டு. நெல்லையிலிருந்து மும்பைக்கு வர நமக்கு யார் கையெழுத்தும் தேவைப்படவில்லை. கனடாவிலும் நிரந்தரமாகக் குடியேறியவருக்கு நாட்டுக்குள் எங்கும் வசிக்க 1982-ம் ஆண்டு உரிமைச் சாசனம் இடம் தருகிறது. ஆனால் தங்கும் எண்ணமே இல்லாமல், தங்குவதாக எழுதிக் கொடுப்பது பொய். பொய்த் தகவல் என்று முடிவானால் 5 ஆண்டுகளுக்குக் கனடாவின் கதவு மூடிவிடும்.

ஏஜெண்டு விஷயத்திலும் சட்டம் உண்டு. பணம் வாங்கிக்கொண்டு இந்த வேலையைச் செய்ய அந்நாட்டு வக்கீல்கள், கியூபெக் நோட்டரிகள், அந்நாட்டுக் குடியேற்ற ஆலோசகர் கல்லூரியின் உறுப்பினர்கள் போன்ற உரிமம் பெற்றவர்களுக்கே அனுமதி. ஆலோசகரின் பெயர் உறுப்பினர் பட்டியலில் இருக்கிறதா என்று யாரும் செலவில்லாமல் பார்க்கலாம். பணம் கட்டும் முன் பாருங்கள்.

பெட்டி கட்டுவது எப்போது?

ரெயில்வேயில் ஒரு டிவிஷனிலிருந்து இன்னொன்றுக்குச் சொந்த விருப்பத்தில் மாறுதல் கேட்டவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். "எடுத்துக்கொள்கிறோம்" என்று அந்த டிவிஷன் எழுதிவிடும். இங்கே 'ரிலீவ்' ஆர்டர் வராது. அதற்குள் வீட்டைக் காலி செய்தவர்கள் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

நண்பரிடமும் இதையே சொன்னேன். மாகாணத்தின் கடிதம் வந்தால் இனிப்பு கொடுக்கலாம். மத்திய அரசின் முடிவும் பாஸ்போர்ட்டில் விசாவும் வந்தபிறகே ராஜினாமா கொடுக்க வேண்டும்.

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு இனிப்புப் பெட்டியைப் பிரித்து என் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். மறுநாள் காலை வழக்கமான லோக்கலைப் பிடித்து ஷிப்டுக்குப் போனார்.

அந்தக் கடிதத்தை ஒருநாள் நானே எழுதித் தருவேன். அதற்கு இன்னும் ஒரு கையெழுத்து பாக்கி!