சீனப் பேரரசரின் வேட்டைக்களம்

சீன அரசவை ஓவியங்களில் பேரரசரை இரு நிலைகளில் காண்கிறோம்: அரியணையில் அமர்ந்த உருவப்படம் ஒன்று, குதிரைமீதேறிய வேட்டைக்காட்சி மற்றொன்று. முன்னது பெரும்பாலும் மூதாதையர் சடங்குகளுக்குப் பயன்பட்டது. ஆதலின் அம்முகத்தில் சினமும் இல்லை, சிரிப்பும் இல்லை. அருகில் வேறெவரும் இல்லை. அப்பேரரசு எத்தகைய மக்களைக் கொண்டிருந்தது என அறிய விழைவோர் வேட்டைக்காட்சிகளையே நாடவேண்டும் என்பது எமது கருத்து.

லியூ குவான்தாவ் 1280இல் பட்டுத்துணியில் தீட்டிய குப்ளாய் கானின் வேட்டை ஓவியம் இதற்குச் சான்று. தாய்பேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் அது காக்கப்படுகிறது. 1279இல் தெற்குச் சுங் அரசு வீழ்ந்து, சீனம் முழுவதும் மங்கோலியர் வசமான மறு ஆண்டில் எழுந்த ஓவியம் அது. ஆயினும் அதில் சீன மாளிகை ஒன்றேனும் இல்லை, வெறும் மணல்வெளி. பொன்னிழைச் செவ்வாடைமேல் வெண்மென்மயிர் அங்கி அணிந்து குப்ளாய் அமர்ந்திருக்கிறார். அருகிலிருப்பவர் அரசி சாபி எனக் கருதுவர். ஒரு வீரன் வானை நோக்கி நாணேற்றுகிறான். மற்றொருவனின் சேணத்திற்குப் பின்னே பழக்கிய வேட்டைவிலங்கொன்று அமர்ந்திருக்கிறது. இவ்வாறு பூனையின விலங்குகளைக் குதிரைமேல் ஏற்றிச்செல்வது பாரசீக அரசவைகளிலும் இருந்த வழக்கமே. கருநிறப் பணியாளரும் உளர். மணற்குன்றுகளுக்கப்பால் ஒட்டகச் சாரை ஒன்று செல்கிறது. வேட்டைக்கு அதனால் பயனொன்றும் இல்லை. மேற்றிசை வாணிபத்தை நினைவூட்டவே ஓவியர் அதனைச் சேர்த்தார் போலும். குப்ளாயின் நிதி நிர்வாகம் அஹ்மத் என்னும் மத்திய ஆசிய முஸ்லிமின் பொறுப்பில் இருந்த காலமல்லவா அது!

பிற்காலத்து மஞ்சூ அரசரான காங்ஷி, 1681இல் முலான் வேட்டைக்களத்தை நிறுவினார். வேட்டை அங்கே படைப்பயிற்சியும் ஆயிற்று. அவருடைய பெயரர் சியன்லுங்கின் வேட்டைகளை, 1715இல் சீனம் வந்த இத்தாலியத் துறவி காஸ்திக்லியோனே முதலானோர் வரைந்தனர்.

சியன்லுங் மானை எய்யும் சுருளோவியம் ஒன்று பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளது. பாய்ந்தோடும் குதிரைமேல் அவர் இருக்க, பின்தொடரும் பெண்ணொருத்தி அம்பை நீட்டுகிறாள். அவள், இன்றைய சின்ஜியாங் பகுதியின் கோஜா குடும்பத்திலிருந்து 1760இல் அரண்மனை சேர்ந்த ரோங் ஃபெய் எனப் பலர் கூறுவர். அவருடையது என ஐயமற நிறுவப்பட்ட உருவப்படம் ஏதும் இல்லாமையால், இதனை ஊகமாகவே கொள்ளல் தகும். 'நறுமண நாயகி' என அவரைச் சுற்றி எழுந்த கதைகளோ இன்னும் வலுவற்றவை. 1788இல் மறைந்த அவரது கல்லறை 1979இல் ஆராயப்பட்டபோது, சவப்பேழையில் அரபு எழுத்தில் திருக்குர்ஆன் வசனங்கள் காணப்பட்டன.