ஆய்வுத் திட்டத்தைப் பேசிக் காட்டப் பழக்குங்கள்!

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் பள்ளிப் பிள்ளைகள் சீக்கிரம் கற்றுக்கொள்ளும் புரோகிராம்களில் ஒன்று பிரசன்டேஷன் தயாரிப்பது. 'புராஜெக்ட்' என்று ஆசிரியர் சொன்னால் போதும், அன்று இரவே இருபது ஸ்லைடுகள் தயாராகிவிடும். பறந்து வரும் எழுத்துகள், சுழலும் படங்கள் என்று பார்க்க அமர்க்களமாக இருக்கும். ஆனால் நடுவர் ஒரே ஒரு கேள்வி கேட்டதும் பிள்ளை அம்மா, அப்பா முகத்தைத் திரும்பிப் பார்க்கும். ஸ்லைடு போடத் தெரிந்த அளவுக்குப் பதில் சொல்லப் பழகவில்லை என்பதே காரணம்.

1993-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு, 10 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கானது. தங்கள் ஊர்ப் பிரச்னை ஒன்றை எடுத்து ஆராய்ந்து, நடுவர்கள் முன் விளக்க வேண்டும். இதுபோன்ற எந்த நிகழ்ச்சிக்கும் முதல் படி ஆய்வுத் திட்டம்தான். சாப்ட்வேர் நிறுவனங்களிலும் இதே வழக்கம் உண்டு. புரோகிராம் எழுதும் முன்பே அதன் திட்டத்தை நான்கு பேர் முன் வைத்து, கேள்விகளுக்குப் பதில் சொல்வோம். ஓட்டை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பல வார உழைப்பு மிச்சமாகும்.

முதலில் விஷயம், பிறகு அலங்காரம்

மைக்ரோசாப்ட் பவர்பாயிண்ட் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் இம்ப்ரஸ், எது இருந்தாலும் சரி. வியூ மெனுவில் அவுட்லைன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். படம், வண்ணம் எதுவும் இல்லாமல் எழுத்து மட்டும் தெரியும். தலைப்பை டைப் செய்து என்டர் தட்டினால் அடுத்த ஸ்லைடு உருவாகும். டேப் கீயை அழுத்தினால் அந்த வரி முந்தைய தலைப்பின் கீழே போகும். ஷிப்ட்டுடன் டேப் அழுத்தினால் மீண்டும் தலைப்பாக மேலே வரும்.

இதில் ஐந்து ஸ்லைடுகள் போதும்:

1. நான் கேட்கும் கேள்வி என்ன?
2. இதைப் பற்றி ஏற்கெனவே தெரிந்தது என்ன?
3. எதை, எப்படி, எத்தனை நாள் அளப்பேன்?
4. எந்த முடிவு வந்தால் என் எண்ணம் தவறு என்று ஒப்புக்கொள்வேன்?
5. என்ன தேவை, எப்போது முடிப்பேன்?

நான்காவது ஸ்லைடைப் பலர் விட்டுவிடுவார்கள். நடுவர்களின் கேள்விகள் அங்கேதான் பிறக்கும்.

ஒரு சொட்டுக் கேள்வி

உதாரணமாக, "எங்கள் தெருக் குழாய்களில் ஒழுகி வீணாகும் தண்ணீர் எவ்வளவு?" என்பது தலைப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு குழாயில் நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளில் 86,400 சொட்டுகள். 20 சொட்டு 1 மி.லி. என்று கணக்கிட்டால் சுமார் 4.3 லிட்டர். மாணவி இதைப் பெருமையோடு சொல்வாள்.

இப்போது நீங்கள் கேளுங்கள்: "20 சொட்டு 1 மி.லி. என்று யார் சொன்னது? உங்கள் தெருக் குழாயின் சொட்டு பெரிதாக இருந்தால்?" 15 சொட்டே 1 மி.லி. ஆகிவிட்டால் விடை சுமார் 5.8 லிட்டர். எவ்வளவு வித்தியாசம்! "10 மி.லி. அளவுக் குவளையில் சொட்டுகளை எண்ணி, மூன்று முறை அளந்து சராசரி எடுப்பேன்" என்று அவள் பதில் சொன்னால் அதுதான் திட்டத்தைக் காப்பாற்றும் பதில். உடனே அது மூன்றாவது ஸ்லைடில் ஏறட்டும்.

பதில் தெரியாவிட்டால் மழுப்பக் கூடாது. "இதை நான் யோசிக்கவில்லை. இப்படி அளந்து பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லப் பழக்குங்கள். நல்ல நடுவர் இதற்கு மதிப்புக் கொடுப்பார்.

ஒரு ஸ்லைடு சொல்லாமல் விட்டது

2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். விண்கலம் கிளம்பும்போது நுரைத் துண்டு ஒன்று இறக்கையில் மோதியிருந்தது. ஆபத்து உண்டா என்று, விண்கலம் சுற்றிக்கொண்டிருந்தபோதே பொறியாளர்கள் ஆராய்ந்தார்கள். அவர்கள் தயாரித்த ஒரு ஸ்லைடின் தலைப்பு நிம்மதி தருவதுபோல் இருந்தது. மோதிய துண்டு, சோதனையில் பயன்படுத்தியதைவிடச் சுமார் 640 மடங்கு பெரியது என்ற விவரமோ அடியில் சிறிய எழுத்தில் கிடந்தது. விபத்தை விசாரித்த குழு தன் அறிக்கையில் இந்த ஸ்லைடைத் தனியாகக் குறிப்பிட்டது. முக்கியமான விஷயத்தைத் தலைப்பிலேயே சொல்ல வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா?

ஒத்திகைக்கு உதவும் கீகள்

எஃப்5 அழுத்தினால் ஸ்லைடு ஷோ முதலில் இருந்து ஓடும். ஷிப்ட்டுடன் எஃப்5 அழுத்தினால் இருக்கும் ஸ்லைடில் இருந்து தொடங்கும். ஷோ ஓடும்போது பி கீயைத் தட்டினால் திரை கறுப்பாகிவிடும். எல்லோரும் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கேட்பார்கள். நடுவர் மூன்றாவது ஸ்லைடைப் பற்றிக் கேட்டால் 3 தட்டி என்டர் அழுத்தினால் போதும், நேராக அங்கே போகலாம். ஸ்லைடு ஷோ மெனுவில் உள்ள ரிகர்ஸ் டைமிங்ஸ் மூலம் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் எத்தனை நொடி ஆகிறது என்று பார்க்கலாம்.

பைலை பென் டிரைவில் எடுத்துச் செல்லும்போது பிடிஎஃப் நகல் ஒன்றையும் சேர்த்து வையுங்கள். பள்ளிக் கம்ப்யூட்டரில் உங்கள் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டாலும் எழுத்து கட்டம் கட்டமாக மாறாது.

யார் எழுதிய திட்டம்?

இன்று ஏஐ புரோகிராம்களிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் திட்டமும் ஸ்லைடுகளும் வந்துவிடும். நடுவரின் கேள்விக்கு எழுந்து நின்று பதில் சொல்ல அது வராது. அதையே வேறு விதமாகப் பயன்படுத்துங்கள். பிள்ளை எழுதிய திட்டத்தைக் கொடுத்து, "நடுவர் போல் பத்துக் கேள்விகள் கேள்" என்று சொல்லுங்கள். பதில்களைப் பிள்ளையே வாயால் சொல்லட்டும்.

வீட்டில் பாட்டி, தாத்தா இருந்தால் அவர்களையும் உட்கார வையுங்கள். "இதனால என்ன பிரயோஜனம்?" என்று அவர்கள் கேட்பதற்குப் புரியும்படி பதில் சொல்லிவிட்டால், எந்த நடுவர் முன்னும் தைரியமாக நிற்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பித்துப் பாருங்களேன்!