உள்ளத்தின் தீர்ப்பு எதுவரை?

நன்மையும் தீமையும் எவை எனக் கேட்டறிய வந்த வாபிஸா இப்னு மஅபத் (ரலி) அவர்களை, தம் உள்ளத்திடமே தீர்ப்புக் கேட்குமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். உள்ளம் அமைதி கொள்வது நன்மை. மக்கள் ஃபத்வா வழங்கிய பின்னும் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருப்பது பாவம் என்பது அவர்கள் தந்த விளக்கம். இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் நாற்பது நபிமொழித் தொகுப்பில் இது 27ஆவதாக இடம்பெற்றுள்ளது.

இதனையே சான்றாக்கி, தம் மனம் ஒப்பியது போதும், மார்க்கத் தீர்ப்பு வேண்டியதில்லை என்போர் உளர். திருமறையோ எல்லா உள்ளங்களையும் ஒன்றாக மதிக்கவில்லை. மறுமையில் பயன் தருவது தூய உள்ளமே என்கிறது (26:88,89). தீவினையால் உள்ளங்களில் கறை படிவதையும் (83:14), மன இச்சையையே தெய்வமாக்கிக் கொண்டவனையும் (45:23) அது சுட்டுகிறது. கறை படிந்த உள்ளமும் அமைதியாகவே இருக்கும். அது ஈமானின் அமைதியன்று, உணர்விழந்த அமைதி. எதிலும் ஐயுறும் உள்ளமும் எதிலும் நிறைவு காணும் பேராசை உள்ளமும் தீர்ப்புரைக்கத் தகுதியற்றவை என்று இஹ்யாவில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) விளக்குகிறார்கள். தெளிவான மார்க்கச் சான்று உள்ள இடத்தில், உள்ளம் தயங்கினாலும் அச்சான்றையே பின்பற்ற வேண்டும் என்பது இப்னு ரஜப் (ரஹ்) அவர்களின் கருத்து. பயணத்தில் நோன்பை விடும் சலுகை இதற்கு எடுத்துக்காட்டு.

அவ்வாறாயின் உள்ளத்தின் அதிகாரம் எங்கே தொடங்குகிறது? முஃப்தியின் பார்வை எட்டாத இடத்தில்.

தந்தை விட்டுச்சென்ற வீட்டில் சகோதரி தம் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டதாக ஒருவர் கூறி, அதனைத் தாம் எடுத்துக்கொள்ளலாமா எனக் கேட்கிறார் என்று கொள்வோம். மனமுவந்து விட்டுக்கொடுத்திருப்பின் ஆகும் என்றே விடை வரும். முஃப்தியின் முன் இருப்பது வினா மட்டுமே. பங்கு கேட்டால் தாய்வீட்டு வாசல் அடைபடும் என்ற அச்சத்தில் அப்பெண் கையெழுத்திட்டதை, கேட்டவரின் நெஞ்சு அறியும். வாதத்திறமையால் தம்மிடம் சாதகமான தீர்ப்புப் பெற்று, சகோதரனின் உரிமையை எடுத்துக்கொள்பவர் நெருப்பின் துண்டையே எடுத்துச் செல்கிறார் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கிறார்கள். நபியவர்களின் தீர்ப்பே மறைக்கப்பட்ட உண்மையை ஹலாலாக்காது எனில், பிறர் தரும் ஃபத்வா எம்மாத்திரம்?

ஆகவே, மார்க்கம் விலக்கியதை அனுமதிக்க உள்ளத்துக்கு அதிகாரமில்லை. ஃபத்வா அனுமதித்ததைத் தன்னளவில் தடுத்து நிறுத்தவே அதற்கு அதிகாரம் உண்டு. இந்நபிமொழி நமக்கு அளிப்பது சலுகையன்று, பொறுப்பு.

இத்தகைய உள்ளம் தானாக அமைவதில்லை. 1838இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்கள் திருப்பரங்குன்றம் சிக்கந்தர் மலையில் நாற்பது நாள்கள் கல்வத் இருந்ததை அவர்தம் வரலாறு எழுதியோர் குறிப்பிடுகின்றனர். தனிமையில் உள்ளத்தோடு உறவாடிய ஞானியாகவே அவரை நினைவுகூர்கிறோம். ஆனால், மலையேறும் முன்னரே அவர் கீழக்கரையில் தைக்கா சாகிபு அவர்களிடம் மார்க்கக் கல்வி பயின்றார். திருச்சியில் மௌலவி ஷாம் சாகிபு அவர்களிடம் தீட்சை பெற்றார். கல்வி, வழிகாட்டி, அதன் பின்னரே தனிமை என்பது அவர் சென்ற வரிசை.

முதலிரண்டையும் விட்டுவிட்டு உள்ளத்தை மட்டும் நம்புவோர், தம் விருப்பத்தின் எதிரொலியையே தீர்ப்பாகக் கேட்கக்கூடும். அதனைக் கண்டறிய எளிய உரைகல் ஒன்றுண்டு: உள்ளம் சொன்னது நம் ஆதாயத்தைத் தடுத்ததா, அன்றி அதற்குத் துணை நின்றதா? துணை நின்றதாயின், இன்னொரு முறை கேட்பதே நலம்.