சூளை போட்டவர் எழுப்பிய கோயில்

என் இளைய மகன் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "கடல் தாண்டிப் போனா கடன்தான்க்கா மிஞ்சும்" என்று பக்கத்து வீட்டுக்காரி வேறு பயமுறுத்திவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் பௌர்ணமி வந்தது. அடி அண்ணாமலையில் எங்கள் வீடு கிரிவலப் பாதையை ஒட்டியே இருப்பதால், அன்றைக்கு யாராவது திண்ணையில் வந்து உட்காருவார்கள். அப்படிக் கால் வலிக்க உட்கார்ந்த ஓர் அம்மாள் சிங்கப்பூர்க்காரர். மோர் கொடுத்துவிட்டு என் கவலையைச் சொன்னேன். "எங்க ஊர் மாரியம்மன் கோயிலை எழுப்பினதே செங்கல் சூளை போட்ட ஒரு தமிழர்தாம்மா!" என்று ஆரம்பித்தார். அவர் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவர் பெயர் நாராயண பிள்ளை. பினாங்கில் இருந்தவர். 1819 மே மாதம், கம்பெனி அதிகாரி ராஃபிள்ஸுடன் 'இந்தியானா' என்ற கப்பலில் சிங்கப்பூர் வந்து இறங்கினார். வெள்ளைக்காரர்கள் அங்கே கால் வைத்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. காடும் சதுப்புமாகக் கிடந்த இடம்.

முதலில் கஜானாவில் வேலை. வெள்ளிக் காசு நல்லதா, கள்ளக் காசா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஊரோ வளர்ந்துகொண்டிருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் வீடு வேண்டுமே! மனிதர் யோசித்தார். தஞ்சோங் பகாரில் சூளை போட்டார். பினாங்குக்குச் சொல்லியனுப்பி கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். சிங்கப்பூரின் முதல் இந்தியக் கட்டட கான்ட்ராக்டர் அவர்தான்.

கையில் நாலு காசு சேர்ந்ததும் துணிக்கடை வைத்தார். சரக்கெல்லாம் கடனுக்கு வாங்கியது. 1822-ல் கடை தீப்பிடித்து எரிந்தே போனது! கடன் கொடுத்தவர்கள் விடுவார்களா? இந்த இடத்தைக் கேட்டபோது என் வயிற்றில் புளியைக் கரைத்தது. நகையை அடகு வைத்து மகனை அனுப்பப் போகிறவள் அல்லவா நான்?

ஆனால் பிள்ளை ஓடி ஒளியவில்லை. ராஃபிள்ஸ் திரும்பி வந்ததும் நேரே போய் நிலைமையைச் சொன்னார். கடை வைக்க வேறு இடம் கிடைத்தது. மறுபடியும் தலைநிமிர்ந்தார்.

கோயிலுக்கும் லேசில் இடம் அமையவில்லை. தெலுக் ஆயரில் முதலில் கொடுத்த இடத்தில் பூஜைக்கு நல்ல தண்ணீர் இல்லை. அடுத்து ஒதுக்கிய இடம் நகரத் திட்டத்துக்கு ஒத்துவரவில்லை. 1823-ல்தான் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் இடம் கிடைத்தது. 1827-ல் மரமும் ஓலையுமாக அம்மனுக்கு ஒரு கோயில் எழும்பியது. பிறகு 1843-ல் அது செங்கல் கட்டடமாயிற்று. ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்குகிறவர்கள் வேலையும் ஜாகையும் கிடைக்கும்வரை அங்கேதான் தங்குவார்களாம். கல்யாணங்களும் அங்கே நடந்தன. சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களின் வழக்குகளைத் தீர்க்கும் தலைவராகப் பிள்ளையையே அரசாங்கம் நியமித்தது. 1973-ல் அந்தக் கோயில் தேசியச் சின்னமாயிற்று. 2019-ல் இருநூறாவது ஆண்டு கொண்டாடியபோது, ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலை அருகே இவருக்கும் சிலை வைத்தார்கள்.

அந்த அம்மாள் எழுந்து போன பிறகும் வெகு நேரம் யோசித்தேன். நஷ்டம் யாருக்கும் வரும். அதை மறைக்காமல் வாய்விட்டுச் சொல்வதுதான் முக்கியம். நம் பிள்ளைகள் பலர், "அம்மா வருத்தப்படுவாளே" என்று கஷ்டத்தை மறைத்துத்தான் மேலும் சிக்கிக்கொள்கிறார்கள்.

மகனை உட்கார வைத்துப் பேசினேன். ஏஜென்ட், மத்திய அரசில் பதிவு பெற்றவர்தானா என்று முதலில் விசாரிக்கச் சொன்னேன். ரசீது இல்லாமல் பணம் கட்டாதே, வேலை ஒப்பந்தத்தின் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும் என்றேன். வளையல் இரண்டை மட்டும் அடகு வைப்பது, தாலிக்கொடியைத் தொடுவதில்லை என்று முடிவாயிற்று.

"அங்க என்ன நடந்தாலும் எனக்குச் சொல்லணும். திட்ட மாட்டேன்" என்றேன்.

"சரிம்மா. போனதும் முதல் வேலையா மாரியம்மன் கோயிலுக்குப் போறேன்" என்றான்.

அன்று ராத்திரிதான் எனக்குச் சோறு இறங்கியது.