கால் விறைப்பும் ஓர் இரத்தப் பரிசோதனையும்

"செருப்புக் கழன்றதே தெரியேல்லை." கிராமச் சந்திப்புகளில் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஷெல் பட்ட கால் அப்படித்தான் இருக்கும் என்று பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

காயம் ஒரு நரம்பை அறுத்திருந்தால் அந்த நரம்பு செல்லும் இடம் மட்டுமே விறைக்கும். இரண்டு பாதங்களும் ஒரேயளவாக, விரல் நுனியிலிருந்து மேல்நோக்கி விறைத்தால் காரணம் வேறாக இருக்கலாம். அநேகமாக அது நீரிழிவு. விற்றமின் பி12 குறைபாட்டாலும் வரும். உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் தொழுநோயையும் பார்க்கவேண்டும்.

மிகச் சிலருக்கு மட்டும் உடலின் பிறபொருளெதிரிகளே நரம்பைச் சுற்றியுள்ள மயலின் கவசத்தைத் தாக்குகின்றன. எம்.ஏ.ஜி. என்ற மயலின் புரதத்தைத் தாக்கும் வகை பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம், அதிலும் ஆண்களிடம், வருடக்கணக்கில் மெதுவாக வளரும். இருட்டில் நடை தள்ளாடும், கை நடுங்கும். இதற்கான ஆய்வுகூடப் பரிசோதனைதான் எலிசா. அந்தப் புரதம் பூசிய சிறு குழிகளில் நோயாளியின் குருதித் தெளியத்தை இடுவார்கள். பிறபொருளெதிரி இருந்தால் அது ஒட்டிக்கொள்ளும். பின்னர் சேர்க்கும் பதார்த்தங்களால் நிறம் தோன்றும். நிறம் கடுமையானால் அளவு அதிகம். குறைந்த அளவு வேறு நோயாளரிடமும் காணப்படுவதால், அதை மட்டும் வைத்து வைத்தியர் முடிவுசெய்யமாட்டார். நரம்பின் மின்கடத்துகையையும் அளந்து பார்ப்பார்.

ஓர் அக்கா காப்பை அடகு வைத்தாவது இதைச் செய்யலாமா என்று கேட்டார். அவர் அதுவரை சீனிப் பரிசோதனைகூடச் செய்திருக்கவில்லை! அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமல் செய்ததில் சீனி மிக அதிகம். காப்பு கையிலேயே இருக்கிறது.

ஆனால் ஒன்றுக்குத் தாமதிக்கவே கூடாது. வயிற்றோட்டமோ காய்ச்சலோ வந்து சில நாட்களில் அல்லது கிழமைகளில் கால்கள் சோர்ந்து, சோர்வு மேலே ஏறினால் அது கில்லன் பாரே நோயாக இருக்கலாம். மூச்சுத் தசைகளும் செயலிழக்கக்கூடும். அன்றே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். பிறபொருளெதிரி முடிவு வரும்வரை வைத்தியர்கள் காத்திருப்பதில்லை. இந்நோயுள்ள எல்லோரிடமும் அது தென்படுவதுமில்லை. இமியூனோகுளோபியூலின் ஏற்றுதல், குருதித் திரவவிழையம் மாற்றுதல் ஆகிய சிகிச்சைகள் முதல் இரண்டு கிழமைக்குள் தொடங்கினால் கூடிய பலன் தரும்.

கிளினிக்குக்குப் போகும்போது விறைப்பு எப்போது, எந்தக் காலில் தொடங்கியது என்று ஒரு துண்டில் எழுதிக் கொப்பிக்குள் வையுங்கள். பழைய காயத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்.