உஷார்! ‘மெய் ஷி’ என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்

போன மாதம் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு போன். குவாங்சோவுக்கு வேலைக்கு வந்து பதினெட்டு நாளே ஆன நம்ம ஊர்த் தம்பி. “அண்ணே, ரெசிடென்ஸ் பெர்மிட்டுக்குப் போனா பேப்பரை வாங்கவே மாட்டேங்கிறாங்க. போலீஸ் ஸ்டேஷன் சீட்டு எங்கேன்னு கேக்குறாங்க. அப்படி ஒண்ணு இருக்கிறதே எனக்குத் தெரியாதுண்ணே.” குரல் நடுங்கியது. வந்த அன்றைக்கே வீட்டு ஓனரிடம், ஏதாவது பதிவு செய்ய வேண்டுமா என்று கேட்டிருக்கிறான். அவர் சிரித்துக்கொண்டே “மெய் ஷி” என்றாராம். ‘ஒண்ணும் பிரச்சினையில்லை’ என்று அர்த்தம்.

பிரச்சினைதான். பெரிய பிரச்சினை. சீனாவுக்குப் புதிதாகக் குடிவருகிற யாரும் இதில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் அவசரமாக எழுதுகிறேன்.

ஹோட்டலில் தங்கினால் ரிசப்ஷனிலேயே பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்து போலீஸுக்குத் தகவல் அனுப்பிவிடுவார்கள். வாடகை வீடு, நண்பர் வீடு என்றால் கதை வேறு. வீட்டுக்குள் காலெடுத்து வைத்த 24 மணி நேரத்துக்குள் நீங்களோ வீட்டுக்காரரோ அந்த வட்டாரக் காவல் நிலையத்தில், அதாவது பாய்ச்சூசுவோவில், பதிவு செய்தாக வேண்டும். 2013 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிற சட்டம் இது. தவறினால் எச்சரிக்கை, அதோடு 2,000 யுவான் வரை அபராதமும் போடலாம். வாடகை வருமானம் வெளியே தெரிந்து வரி கட்ட வேண்டி வருமோ என்ற பயத்தில் சில ஓனர்கள் இதைத் தட்டிக்கழிப்பார்கள். அவர் தட்டிக்கழித்தாலும் போலீஸ் முன்னால் நிற்கப்போவது நீங்கள்தான்.

அபராதத்தைக்கூடக் கட்டிவிடலாம். அதைவிடப் பெரிய ஆபத்து நாள் கணக்கில் இருக்கிறது. இசட் விசாவில் வேலைக்கு வந்தவர் 30 நாளுக்குள் ரெசிடென்ஸ் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு அந்தப் பதிவுச் சீட்டு வேண்டும். சீட்டு இல்லாமல் நாள் ஓடி 30 தாண்டிவிட்டால் அது சட்டவிரோதத் தங்கல். கடுமையாகிப் போனால் நாளுக்கு 500 யுவான் வீதம் 10,000 வரை அபராதம், இல்லையேல் 5 முதல் 15 நாள் வரை காவல். தம்பிக்கு மிச்சமிருந்தது பன்னிரண்டே நாள்.

மறுநாள் காலை எட்டரைக்கு அவனோடு ஸ்டேஷன் வாசலில் நின்றேன். கவுன்டரில் இருந்த பெண் போலீஸ் பாஸ்போர்ட்டைத் திறந்து, ஸ்க்ரீனைப் பார்த்து, மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தார். குடும்பப் பெயர் கட்டம் காலி. நம்மவர்கள் பலருக்கும் அது காலியாகத்தானே இருக்கும்? இனிஷியலை விரித்து அப்பா பெயரையும் சொந்தப் பெயரையும் ஒரே கட்டத்தில் போட்டிருப்பார்கள். அவர் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கூடவே எண்ணிக்கொண்டிருந்தேன். பிரின்ட் ஆகி, சிவப்பு முத்திரை விழுந்து, தாள் கைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தத்தில் புரோக்கர் அப்பா பெயரை முன்னால் போட்டிருந்தான், சீட்டில் பின்னால் இருந்தது. நல்லவேளை, அங்கேயே பார்த்தோம். பாஸ்போர்ட்டில் உள்ளபடிதான் சீட்டு இருந்தது, ஒப்பந்தத்தைத்தான் மாற்றி எழுத வேண்டியிருந்தது. எச்சரிக்கையோடு விட்டார்கள்.

பெயர் பொருந்துவதைச் சின்ன விஷயம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். சிம் கார்டு உங்கள் பாஸ்போர்ட்டில் பதிவாகிறது. வங்கி அந்த சிம்மின் பெயரோடு ஒப்பிடுகிறது. வீசாட் பே, அலிபே இரண்டும் வங்கியின் பெயரோடு ஒப்பிடுகின்றன. ஒரு இடத்தில் பெயர் முன்பின்னாக மாறினாலோ, நடுவில் இடைவெளி விடுபட்டாலோ, காய்கறிக் கடையில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்துவிட்டுக் கையைப் பிசைந்து நிற்பீர்கள். எனக்கு முதல் வருஷம் நடந்தது. வங்கியில் ஒரு எழுத்தை விட்டுவிட்டார்கள், அதைத் திருத்த நான்கு முறை டோக்கன் எடுத்து உட்கார்ந்தேன். எந்தக் கவுன்டரிலும் நகர்வதற்கு முன் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள், பின்னால் ஆள் காத்திருந்தாலும் பரவாயில்லை.

வங்கிக் கணக்கு திறக்கும் வரை கையில் பணத் தட்டுப்பாடு இருக்கும். அந்த வாரங்களில்தான் குழி காத்திருக்கிறது. “அக்கவுன்ட்டில் ரூபாய் போடு, நான் யுவான் அனுப்புறேன், கமிஷன் கம்மி” என்று வீசாட் குரூப்பில் யாரோ வருவார். வேண்டவே வேண்டாம். அப்படி மாற்றுவதே சட்டவிரோதம். அதிலும் உங்களுக்கு வந்து சேரும் யுவான் எவரோ ஏமாந்த மோசடிப் பணமாக இருந்தால், போலீஸ் முடக்குவது உங்கள் கணக்கை. உங்கள் சிம்மையோ வங்கி அட்டையையோ கொஞ்சநாள் கொடு என்று யார் கேட்டாலும், ஒரே அறையில் தங்கும் நண்பனே கேட்டாலும், கொடுக்காதீர்கள். அது மோசடிக்குப் பயன்பட்டால் ஜெயில் தண்டனைகூட வரலாம். யூபிஐ இங்கே உதவாது. உங்கள் சர்வதேச கார்டை ஊரிலேயே அலிபேயில் இணைத்து, இந்திய சிம்மில் ஓடிபி வர ரோமிங் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். வாட்ஸ்அப்பும் ஜிமெயிலும் இங்கே முடக்கப்பட்டவை. வீசாட்டோ இந்தியாவில் தடை செய்யப்பட்டது, அதனால் அம்மாவோடு எதில் பேசுவது என்று முடிவு செய்துவிட்டே விமானம் ஏறுங்கள்.

இன்னொன்று. “இப்போதைக்கு பிசினஸ் விசாவில் வா, வந்தபின் மாற்றிக்கலாம்” என்று சொல்லும் ஏஜென்ட்டை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். அந்த விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்தால் 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம், காவல், நாடு கடத்தல் எல்லாம் உங்கள் தலையில். ஏஜென்ட் சென்னையில் இருப்பார்.

வீடு பார்க்கும்போது முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஓனரிடம் கேளுங்கள்: பதிவுக்கு உங்கள் அடையாள அட்டை நகலும் வீட்டுப் பத்திர நகலும் தருவீர்களா? தயங்கினால், வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும், வேறு வீடு பாருங்கள். வீடு மாறினாலும் பாஸ்போர்ட்டோ பெர்மிட்டோ புதிதானாலும் மறுபடி பதிய வேண்டும். சந்தேகம் வந்தால் 12367-ஐ அழையுங்கள். குடிவரவுத் துறையின் உதவி எண், 24 மணி நேரமும் ஆங்கிலத்திலும் பேசுவார்கள். தம்பி இப்போது அந்த எண்ணைப் பாஸ்போர்ட் உறையில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறான்.