பரணில் பாரம், கூரையில் வெயில்

பழைய மச்சு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். ஓட்டுக்குக் கீழே பனங்கைகளை நெருக்கிப் போட்டு, பலகை பரப்பி, அதன்மேல் மண்ணைப் பூசி மெழுகியிருப்பார்கள். மல்லி மூட்டை, கம்பு, விதைப்பருத்தி எல்லாம் மச்சில் ஏறிவிடும். ஓட்டில் இறங்கும் வெயில் அந்த மண்ணோடு நின்றுவிடும். கீழே படுத்திருப்பவர் தூங்குவார். சாமான் வைக்கும் இடமே வெக்கையைத் தடுக்கும் இடமாகவும் இருந்தது.

இப்போது அருப்புக்கோட்டையிலும் திருச்சுழிப் பக்கத்து ஊர்களிலும் எழும்பும் வீடுகளில் இந்த இரண்டு வேலையும் பிரிந்துவிட்டன. மச்சுப் பரணுக்குப் பதில் சுவரிலிருந்து நீட்டிய சிமெண்ட் லாஃப்ட். கூரையோ நாலைந்து அங்குலக் கான்கிரீட், அல்லது ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு. பகலெல்லாம் குடித்த வெயிலைத் தளம் இரவில்தான் கீழே இறக்குகிறது. லாஃப்டுக்கும் தளத்துக்கும் நடுவே சூடான காற்று தேங்கி நிற்கிறது. அங்கே வைத்த விதை முளைப்புத்திறனை இழக்கிறது. கட்டிலில் கிடக்கும் வயதானவர்கள் விடிய விடிய விசிறிக்கொண்டு கிடக்கிறார்கள். இதைச் சின்னச் சங்கடம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் ஒருவர் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. அப்படி ஒரு சாவு நேர்ந்தால், கிராம நிர்வாக அலுவலரிடமும் தாசில்தாரிடமும் உடனே தெரிவித்து, மருத்துவமனைப் பதிவில் சாவின் காரணம் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

வெக்கையைக் குறைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் வீட்டுக்குள்ளிருந்து ஆரம்பிக்கிறார்கள். கடைக்காரர் தெர்மாகோல் சீலிங் போடச் சொல்கிறார், போட்டுவிடுகிறார்கள். என் கருத்தில் முதல் செலவு தளத்தின் மேல்பக்கம்தான். வெயிலை மேலேயே திருப்பி அனுப்பிவிட்டால் தளம் சூடேறுவதே குறையும். மொட்டைமாடியைச் சுத்தமாகப் பெருக்கி, வெடிப்பை அடைத்து, வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பெயிண்டோ இரண்டு கை அடிப்பது மிக மலிவான வழி. சுண்ணாம்பை ஆண்டுதோறும் அடிக்க வேண்டியிருக்கும். தூசி படிந்தால் அதன் பலன் குறையும் என்பதால் கோடைக்கு முன் கழுவிவிட வேண்டும். கொஞ்சம் காசு இருந்தால் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்த தளமும் தட்டோடும் இன்னும் நல்லவை. நம் கொத்தனார்களின் தாத்தாக்கள் கடுக்காய்த் தண்ணீர் ஊற்றி இடித்த வேலை அது. தினமும் மாடியில் தண்ணீர் தெளிக்கும் யோசனையைக் குடத்துக்குக் காசு கொடுக்கும் ஊரில் நான் சொல்ல மாட்டேன். வெக்கையை அரசுகளும் கவனிக்கத் தொடங்கிவிட்டன. அகமதாபாத் நகரம் 2013 முதல் வெப்பச் செயல்திட்டம் வைத்திருக்கிறது. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. வீடு கட்டுவோருக்காக மத்திய அரசு 2018இல் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பும் கூரை வழியே இறங்கும் வெப்பத்துக்கு வரம்பு வைத்திருக்கிறது.

தெர்மாகோல் சீலிங்கைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சாதாரணத் தெர்மாகோல் தீப்பிடித்தால் உருகிச் சொட்டும், கரும்புகை கக்கும். அதற்கு மேலே போகும் ஒயரை எலி கடித்தாலும், இணைப்பு தளர்ந்து சூடானாலும் யார் கண்ணுக்கும் தெரியாது. தறி ஓடும் வீடுகளில் பஞ்சுத் தூசியும் சேலைக்கட்டும் லாஃப்டில் இருக்கும். அந்த வீடுகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சீலிங் போடுவதற்கு முன்பே ஒயரைக் குழாய்க்குள் கொண்டுவந்து, மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் கருவியையும் பொருத்திவிடுங்கள். நம் மாவட்டத்தில் சொல்லாமல் விட முடியாத இன்னொன்று: கருந்திரியோ பட்டாசு மருந்தோ எவ்வளவு கூலி கிடைத்தாலும் வீட்டில் ஏறக் கூடாது. அது சட்டவிரோதம், அதோடு, ஒரு பொறி பட்டால் பக்கத்து வீடும் சேர்ந்து போகும்.

இனி பாரம். லாஃப்ட் சுவரில் ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் கொண்டு நீட்டி நிற்பது. அதைத் தாங்கும் கம்பி பலகையின் மேல்பகுதியில் இருக்க வேண்டும். கான்கிரீட் கொட்டும்போது ஆள் மிதித்துக் கம்பி அடியில் இறங்கிவிட்டால், பார்க்க ஒழுங்காக இருக்கும் லாஃப்டே மூட்டை ஏறியதும் முறிந்து விழும். நாம் நடமாடும் அறைத் தளத்துக்கே சதுர மீட்டருக்கு 200 கிலோ என்றுதான் சுமைக் கணக்கு போடுகிறார்கள். ஐம்பது கிலோ மூட்டை நாலு வைத்தால் அந்தக் கணக்கு தீர்ந்தது. லாஃப்ட் அறைத் தளம் அளவுக்குக்கூடத் தாங்கும் என்று நம்பாதீர்கள். கனமானதைத் தரையில் வையுங்கள். மேலே பாய், தலையணை, காலிப் பாத்திரம் போதும். சுவரோரம் மேல்பக்கத்தில் கோடாக வெடிப்பு தெரிந்தால் அன்றே இறக்கிவிடுங்கள். கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீடு கட்டுபவர்களுக்கு லாஃப்ட் இல்லாமல் முடியாது. அவர்கள் கான்கிரீட் போடும் நாளில் பக்கத்திலேயே நின்று, கம்பி கட்டியதைச் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்காரர்களுக்கு இரண்டு ஆபத்து. சீட்டு உடையும், பெயிண்ட் அடிக்க ஏறியவர் அது வழியே விழுந்து சாவது நம் ஊரில் புதிதல்ல. அடியில் உள்ள சட்டங்களின் மேல் நீளப் பலகையைக் குறுக்கே போட்டு, அதில்தான் கால் வைக்க வேண்டும். இரண்டாவது, அறுத்தாலும் துளை போட்டாலும் உடைத்தாலும் பறக்கும் நார்த்தூசி. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது; நோய் வெளியே தெரியப் பல பத்தாண்டுகள் ஆகலாம். ஆகவே சீலிங் தொங்கவிடச் சீட்டில் துளை போட விடாதீர்கள். சீட்டை மாற்றுவதானால் தண்ணீரில் நனைத்து முழுசாகக் கழற்றுங்கள். குப்பை மேட்டில் போட்டு நொறுக்காதீர்கள்.

வேலை கெட்டுப்போனால் என்ன செய்வது? 'கொத்தனார்கிட்ட என்ன கேஸு' என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம். வீடு கட்டிக் கொடுப்பதும் நுகர்வோர் சட்டத்தின்படி சேவைதான் என்று 1993இல் உச்ச நீதிமன்றம் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் சொல்லிவிட்டது. 2019ஆம் ஆண்டுச் சட்டமும் அதையே சொல்கிறது. 'பத்து டிகிரி குறையும்' என்று சொல்லி விற்ற பெயிண்டோ, ஒரே ஆண்டில் தொங்கிப்போன சீலிங்கோ, மொத்தக் கான்ட்ராக்டில் கட்டி முறிந்த லாஃப்டோ, எதுவானாலும் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். தீரவில்லை என்றால் பதிவுத்தபாலில் ஒரு நோட்டீஸ், அடுத்து திருவில்லிபுத்தூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, நீங்களே வாதாடலாம், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு; அதற்கான எண் 15100. எதற்கும் பில் வேண்டும். ஜிஎஸ்டி மிச்சமாகும் என்று பில் இல்லாமல் வாங்கினால் உங்கள் கை கட்டுப்பட்டுவிடும். பில் தராத சின்ன கான்ட்ராக்டரிடம், என்ன வேலை, என்ன பொருள், எத்தனை அங்குலம், எவ்வளவு பணம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பணத்தைத் தவணையாக, முடிந்தால் வங்கி வழியாகக் கொடுங்கள்.

வாடகைக்குக் குடியிருப்பவர்கள் தங்கள் காசில் கூரையைச் சரிசெய்யத் தேவையில்லை. நகராட்சிப் பகுதிகளுக்கான 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது வீட்டுக்காரர் பொறுப்பு. ஒழுகும் தளத்தையும் வெடித்த லாஃப்டையும் தேதியோடு படம் எடுத்து எழுத்தில் கேளுங்கள். வெள்ளையடிப்பதற்குச் சம்மதம் மட்டும் கேட்டால் பலர் மறுக்க மாட்டார்கள். பங்குனி பிறக்கும் முன் கேட்டுவிட்டால் சித்திரைக்குள் வேலை முடிந்துவிடும்.